பசையும் தையலும் லெஸ்டர் கோலாரின் ஈறும்

பிளம் ஃபோர்க், நெப்ராஸ்கா
செப்டம்பர் 1, 2019

டெஸ்ஸா,

கடிதம் என்றதும் பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை. உன் அம்மா நன்றாக இருக்கிறாள், நாய் நன்றாக இருக்கிறது, அந்த வரிசையில் மூன்றாவதாக நானும் இருக்கிறேன். போனில் பேசினால் நீ கேள்வி கேட்பாய், நான் கோபப்பட்டு வைத்துவிடுவேன். ஜூலையில் அப்படித்தான் ஆனது. கடிதத்தில் நான் சொல்ல வந்ததை முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது. உன்னை முப்பத்தோரு வருடம் வளர்த்த பிறகு இப்போதுதான் இந்த வசதியைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். கீழ்வரிசையில் முன்பல் இரண்டுக்கு ஈறு இறங்கிவிட்டது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் தாடையிலிருந்து காதுவரை யாரோ கம்பி வேலியை இழுத்துக் கட்டுவதுபோல் இருக்கிறது. நீ சொன்னபடி லிங்கனுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டிவந்து, பெற்ற மகளிடம் வாயைப் பிளந்து காட்ட எனக்கு மனசில்லை. அதனால் நார்த் பிளாட்டில் ஓல்சன் என்கிற ஈறு டாக்டரம்மாவிடம் போனேன். மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்துக் கீழே வைத்துவிடுவாராம். 12ஆம் தேதி நாள் குறித்தாயிற்று.

அக்டோபர் 10 வியாழக்கிழமை இலையுதிர்காலக் கன்று ஏலம். நாலாயிரம் கன்றுகள். சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாருக்கும் வருடத்துச் சம்பளம் அன்று ஒரே நாளில் வருகிறது, ஏலம் விடுகிற என் வாய் வழியாக வருகிறது. அன்றைக்கு நான் மேடையில் இல்லையென்றால் ஏலக் கொட்டகை முதலாளி இன்னொரு ஏலக்காரன் ஆர்லோ பென்னரைக் கூப்பிடுவார். ஆர்லோ நல்லவன். நல்லவன் ஒருமுறை உட்கார்ந்த நாற்காலி திரும்பிக் கிடைப்பது கஷ்டம்.

ஆகவே என் கேள்வி: பசையா, தையலா? டாக்டரம்மா இரண்டும் உண்டு என்கிறார், தையல்தான் தன் கைக்குப் பழக்கம் என்கிறார். நான் பசை பக்கம். கொட்டகைக்கு வருகிற ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் நம்பர் சீட்டைப் பசையால்தான் ஒட்டுகிறோம். மழை, சேறு, இருநூறு மைல் லாரிப் பயணம், எதற்கும் அது விழுவதில்லை. இதை உன் அம்மாவிடம் சொன்னேன். "மாடு வாயைத் தெறந்து மூணு மணி நேரம் கத்திட்டே இருக்காதே லெஸ்" என்றாள்.

உனக்கு ஈறுதானே படிப்பு. சொல்லு. ஈறு ஏன் இறங்கியது என்று கேட்காதே. நான் பல்லை அழுத்தித் தேய்ப்பேன், உனக்கே தெரியும்.

அப்பா


லிங்கன்
செப்டம்பர் 5

அப்பா,

கடிதத்தில் கேட்டதால் கடிதத்திலேயே பதில்.

டாக்டர் ஓல்சன் எடுக்கப்போகும் சதை, ஒரு தபால்தலை அளவுகூட இருக்காது. எடுத்த நொடியிலிருந்து அதற்குச் சோறு கிடையாது. புது இடத்தில் அடியிலிருந்து ரத்தம் ஊறிவந்து அதைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு முதல் சில நாட்கள் அது அசையாமல், அடியோடு அழுந்திக் கிடக்க வேண்டும். அவ்வளவுதான் தேவை. தையல் அதை முடியைவிட மெல்லிய நூலால் செய்கிறது. பசை ஓரங்களில் துளித்துளியாக நின்று செய்கிறது. எங்கள் பசை ஈரத்திலும் நொடியில் இறுகும், ஊசி குத்து மிச்சம், நாற்காலியில் கிடக்கும் நேரமும் குறைவு. மேலண்ணத்துப் புண்ணின்மேல் பூசினால் முதல் வார வலி நன்றாகவே குறைகிறது. ஆனால் பசை சதைக்கு அடியில் கசிந்தால் ரத்தத்தின் வழியை அது அடைத்துவிடும். கை பழகியவர் போட வேண்டும்.

ஆறு மாதம் கழித்து நான் பார்த்த வாய்களில் எது தையல், எது பசை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் பசையை விரும்புகிறவள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உங்கள் டாக்டருக்கு எது கைவந்ததோ அதுவே உங்களுக்கு நல்லது. மாட்டுப் பசையை இதில் கொண்டுவராதீர்கள்.

இப்போது என் கேள்வி. நீங்கள் வலது கைக்காரர். அழுத்தித் தேய்க்கிறவர்களுக்கு ஈறு தேய்வது பெரும்பாலும் இடது பக்கத்துக் கோரைப்பல்லில், மேலே. கீழே முன்பக்கம் இரண்டு பல்லுக்கு மட்டும், அப்பா, பிரஷ் அதைச் செய்வது அபூர்வம். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் தினமும் ஏதாவது ஒன்றை அடக்கி வைத்திருந்தால் அப்படி ஆகும். நான்கு வருடத்துக்கு முன் என் பட்டமளிப்பு அன்று, கார் நிறுத்துமிடத்தில், புகையிலை டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள்.

எந்த இரண்டு பல் என்று சரியாக எழுதுங்கள். எனக்கு எழுதாவிட்டாலும் போகட்டும், டாக்டர் ஓல்சனிடம் சொல்லுங்கள்.

டெஸ்ஸா


பிளம் ஃபோர்க்
செப்டம்பர் 8

டெஸ்ஸா,

உன் கடிதத்தை இரண்டுமுறை படித்தேன். ரத்தம் ஊறிவருகிற இடத்தை உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன், அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நிறுத்தச் சொன்னாள். நன்றாக எழுதுகிறாய். பன்னிரண்டாம் வகுப்பை டீச்சர்களின் இரக்கத்தால் தாண்டிய எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்.

எந்தப் பல் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால், கொட்டகையில் புது எடைமேடை வந்திருக்கிறது. லாரியோடு மாட்டையும் சேர்த்து நிறுக்கலாம். முதல் நாள் அதில் ஏறிப் பார்த்தது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. எண்ணைச் சத்தமாகப் படித்தது உன் அம்மா. கொட்டகையை ஒட்டிய அவளுடைய உணவகத்தில் இந்த வாரம் ஆப்ரிகாட் பழம் வைத்த கோலாச்சி ரொட்டி போட்டாள், பத்து மணிக்குள் தீர்ந்துவிட்டது. மேற்குப் புல்வெளியில் புல் இன்னும் பச்சையாக இருக்கிறது, கன்றுகள் எடை கூடித்தான் வரும். ஆர்லோ பென்னர் சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லி ஒரு காபி குடித்துவிட்டுப் போனான். நூற்றிருபது மைல் தள்ளி இருக்கிறவன், சும்மா வந்தானாம்.

ஒரு பொய்யனிடம் கேட்கிறமாதிரி கேட்டிருக்கிறாய். அதுமட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

தாள் முடிந்துவிட்டது. பல்லைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அப்பா


பிளம் ஃபோர்க்
செப்டம்பர் 14

டெஸ்ஸா,

முடிந்தது. இரண்டு கட்சிக்கும் வெற்றி. சதையைக் கீழே ஆறு தையல் போட்டு உட்கார வைத்திருக்கிறார், எடுத்த இடத்தில் மேலண்ணத்தில் பசை பூசியிருக்கிறார். மேலே ஒரு வலியும் இல்லை. கீழே உதடு மட்டும் கன்றுக்குட்டி நக்கின உப்புக்கட்டி மாதிரி இருக்கிறது.

பத்து நாளைக்குப் பேசக்கூடாது. ஆறின உருளைக்கிழங்கு மசியல், தயிர், ஆறின சூப். உன் அம்மா எனக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நான் ஒரு வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் அவள் நான்கு சொல்லிவிடுகிறாள். முப்பத்தாறு வருட வழக்குகளை எல்லாம் இந்த வாரமே தீர்த்துக்கொண்டிருக்கிறாள், எல்லாவற்றிலும் ஜெயிக்கிறாள். ஊரில் எல்லாரும் என்மேல் ரொம்ப அன்பாக இருக்கிறார்கள். நான் பேசாமல் இருப்பது அவர்களுக்கு இவ்வளவு பிடிக்கும் என்று முன்பே சொல்லியிருக்கலாம்.

நீ பதில் எழுதவில்லை.

அப்பா


லிங்கன்
செப்டம்பர் 17

அப்பா,

உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்க்காதீர்கள். ஏலக் குரலைப் பழகிப் பார்க்காதீர்கள், வண்டிக்குள் தனியாக இருந்தாலும் கூடாது. உதட்டசைவு தையலை அறுக்கும்.

டாக்டர் ஓல்சனிடம் சொன்னீர்களா?

டெஸ்ஸா


பிளம் ஃபோர்க்
செப்டம்பர் 20

டெஸ்ஸா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. புதன்கிழமை வந்திருக்கலாம்.

இதைச் சிரிப்பாக எழுத இரண்டு தடவை முயன்று கிழித்துப் போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், சிரிப்பு வந்தால் அது உன் பாடு.

புதன்கிழமை, ஆறாம் நாள். கொட்டகைக்குப் போகிற வழியில் வண்டியில் தனியாக இருந்தேன். வாய் தானாக ஓடியது. மெதுவாகத்தான் தொடங்கினேன், ஒரு மைல் தாண்டுவதற்குள் நூறு பசுவை விற்றுவிட்டேன். அதற்கு முன்பே இன்னொன்றும் செய்திருந்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து புகையிலை. தையல் நடுவில்தானே இருக்கிறது என்று, ஒரு சிட்டிகையை வலது கடைவாயில் ஒதுக்கிக்கொண்டேன். வேறு அறையில் வைத்தால் பக்கத்து அறைக்குத் தெரியாது என்பது என் கணக்கு.

ஆமாம். நான்கு வருடமாக நான் விடவில்லை. அன்று கார் நிறுத்துமிடத்தில் போட்டது காலி டப்பா.

கொட்டகைக் கழிப்பறைக் கண்ணாடியில் உதட்டை இழுத்துப் பார்த்தேன். ஒரு தையல் அறுந்து, சதையின் வலது மூலை தூக்கிக்கொண்டு நின்றது. சரியாக ஒட்டாத முதுகு நம்பரின் மூலை எப்படி நிற்குமோ அப்படி. முப்பது வருடமாக அந்த மாதிரி மூலையைப் பார்த்தால் என் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. வெளியே போய்ப் பசை டப்பாவையும் பிரஷையும் எடுத்துவந்துவிட்டேன். உன் கடிதத்தில் ஓரத்தில் ஒரு துளி என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்துத்தான் போனேன். நீ மாட்டுப் பசை வேண்டாம் என்று எழுதியதும் நினைவு இருந்தது, ஆனால் அந்தப் பக்கத்து மூளை அப்போது வேலை செய்யவில்லை.

கதவு திறந்தது. ஆண்கள் கழிப்பறைக்குள் உன் அம்மா. நான் பசை டப்பாவோடு போனதை உணவகத்து ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்:

"அதை வாயில வெச்சே, உன் முதுகுல ஒரு நம்பரை ஒட்டி நானே லாரியில ஏத்திவிட்டுருவேன்."

நான் சிலேட்டைத் தேடினேன். அது வண்டியில் இருந்தது.

நார்த் பிளாட்டுக்கு அவள்தான் ஓட்டினாள். டாக்டரம்மா பார்த்தார். ஈரப் பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தார், பிறகு அந்த மூலையின் ஓரத்தில் அவருடைய பசையை ஒரு துளி வைத்தார். இடது பக்கம் இளஞ்சிவப்பாக வருகிறது, வலது மூலை வெளுத்திருக்கிறது, அது பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்றார். "ஏன் இப்படி வெளுக்குதுன்னு எனக்குப் புரியல. உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்று கேட்டார். அவர் வாயைப் பார்த்தவர், அவருக்குத் தெரியாமல் இருக்காது. எனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கிறார் என்று எனக்கே விளங்கியது. நான் அவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினேன்: பதினாறு வயதிலிருந்து.

அவர் படித்துவிட்டு, "நான் பசை போடலாம், தையல் போடலாம், எல்லாம் பிடிச்சு வைக்கிறதுக்குத்தான். புகையிலை ரத்தத்தை வர விடாது. அது வரலேன்னா நான் எதைப் பிடிச்சு வெச்சு என்ன?" என்றார்.

திரும்பி வரும்போது உன் அம்மா வாயிலும் தையல் போட்டமாதிரி இருந்தது.

நீ எந்த இரண்டு பல் என்று கேட்டிருந்தாய். நடுவில் இரண்டு. கீழே.

அப்பா


லிங்கன்
செப்டம்பர் 24

அப்பா,

மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். கழிப்பறைக் கதவு திறக்கும் இடத்தில் சிரித்துவிட்டேன். அடுத்த பத்தியில் நிறுத்திவிட்டேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் விடவில்லை என்பது எனக்குப் போன கிறிஸ்துமஸிலேயே தெரியும். உங்கள் நீல ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் டப்பா அளவுக்கு வட்டமாக வெளுத்திருந்தது. அது புது ஜீன்ஸ், அந்த வருடம் நான் வாங்கிக் கொடுத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம், வீட்டுக்கு வந்தும் டாக்டராக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். தினமும் யாரோ ஒருவரின் உதட்டைப் பிடித்து இழுத்து, இது எப்படி வந்தது என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறேன். உங்களிடம் ஏழு மாதம் கேட்கவில்லை. ஜூலையில் லிங்கனுக்கு வாருங்கள் என்று அதட்டியது அந்தக் குற்ற உணர்வில்தான். அதட்டினதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. பேசாமல் இருந்ததற்குக் கேட்கிறேன்.

இனி வேலை. நிகோடின் பட்டை ஒன்றைத் தோளில் ஒட்டிக்கொள்ளுங்கள், அதையும் டாக்டர் ஓல்சனிடம் கேட்டுக்கொண்டு. பட்டையிலும் நிகோடின்தான், ஆனால் ஈறின்மேல் நேராக உட்கார்ந்திருக்கிற சிட்டிகையைவிட எவ்வளவோ மேல். முதல் பத்து நாள் மோசமாக இருக்கும், நீங்களும் மோசமாக இருப்பீர்கள், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வெளுத்த மூலை போனால் போகட்டும், மீதி நின்றால் போதும். போன மூலையைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

அக்டோபர் 10 அன்று நீங்கள் மேடை ஏறப்போகிறீர்கள், நான் தடுத்தாலும் ஏறுவீர்கள், அதனால் தடுக்கவில்லை. டாக்டர் ஓல்சன் 7ஆம் தேதி பார்த்து எவ்வளவு நேரம் என்கிறாரோ அவ்வளவு நேரம். மிச்சத்துக்கு ஆர்லோ பென்னரை நீங்களே கூப்பிடுங்கள். முதலாளி கூப்பிடுவதற்கு முன்னால்.

டெஸ்ஸா


பிளம் ஃபோர்க்
அக்டோபர் 13

டெஸ்ஸா கண்ணு,

நீ சொன்ன பத்து நாள் பதினான்கு நாள் ஆனது. நாயைக் கேட்டால் சொல்லும். உன் அம்மா ஒரு வாரம் என்னைக் கொட்டகைப் பின்பக்கத்து வேலியைச் சரிசெய்ய அனுப்பிவிட்டாள். வேலிக்கு அப்படி ஒன்றும் கேடு இல்லை.

7ஆம் தேதி டாக்டரம்மா பார்த்தார். இடது பல்லுக்கு ஈறு முழுதாக ஏறி நிற்கிறது. வலது பல்லுக்குப் பாதி. வெளுத்த மூலை போய்விட்டது. ஒரு மணி நேரம் ஏலம் விடலாம், அதற்கு மேல் கூடாது என்றார். ஆர்லோவை நானே கூப்பிட்டேன். "உனக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா லெஸ்?" என்றான். மூன்று மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர வாய்தான் கைவசம் இருக்கிறது என்றேன்.

வியாழக்கிழமை கொட்டகையில் உட்கார இடமில்லை. படிக்கட்டில் ஏறி நின்றிருந்தார்கள். கன்று கொடுக்கிறவர்கள் எல்லாரும் முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. ஏன் ஆர்லோவும் மேடையில் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? நான் என்ன சொல்வது என்று காலையிலிருந்து யோசித்தேன். சளி என்று சொல்லலாம், பல்வலி என்று சொல்லலாம். நன்றாகத்தான் பொய் சொல்வேன், உனக்குத் தெரியும்.

ஆனால் அந்த மேடைக்கு ஒரு விதி இருக்கிறது. ஒரு மாட்டுக்குக் கண் தெரியாது, பல் உடைந்தது, கால் நொண்டும் என்றால் விலை தொடங்கும் முன்னால் மேடையிலிருந்து சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விற்றால் வாங்கினவன் திருப்பிக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகலாம். முப்பது வருடத்தில் நான் ஒரு குறையையும் மறைத்ததில்லை, மாடுகள் விஷயத்தில்.

மைக்கை எடுத்தேன். கொஞ்சம் 'ஸ்' வந்தது, பரவாயில்லை.

"கன்னுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு அறிவிப்பு. மேடையில நிக்கிற உருப்படி, ஆண், அம்பத்தெட்டு வயசு. கண்ணு ரெண்டும் நல்லாருக்கு, நடை பரவால்ல. கீழ் ஈறுல குறை. பல்லை அழுத்தித் தேச்சதால வந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன், என் பொண்ணுகிட்டயும் சொன்னேன். அது பொய். நாப்பத்திரெண்டு வருஷம் புகையிலை வெச்சதால வந்தது. இருபத்திரெண்டு நாளா வெக்கல. இன்னைக்கு ஒரு மணி நேரந்தான் தாங்கும், மிச்சத்தை ஆர்லோ பாத்துக்குவாரு. குறை சொல்லியாச்சு. இஷ்டமிருந்தா எடுத்துக்கலாம்."

அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் உதட்டில் அதே சரக்கு இருந்தது, அவர்களால் சட்டென்று வாயைத் திறக்க முடியாது. மேல் வரிசையிலிருந்து வெர்ன் ஸ்லாடெக், போன வருடம் நானூறு கன்று கொடுத்தவன், "திருப்பிக் குடுக்க முடியுமா?" என்று கேட்டான்.

உணவகத்து வாசலிலிருந்து உன் அம்மா, கையில் காபிக் கெண்டியோடு, "முப்பத்தாறு வருஷமா பாக்கறேன் வெர்ன். எவனும் எடுத்துக்க மாட்டேங்கறான்" என்றாள்.

அதற்குப் பிறகு கொட்டகை அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடத்தை டாக்டரம்மா கொடுத்த ஒரு மணி நேரத்தில் சேர்க்கவில்லை.

முதல் கூட்டமாக வெர்னின் தொண்ணூறு காளைக்கன்றுகளை விற்றேன். நன்றாக விற்றேன், டெஸ்ஸா. குரல் வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக, ஆனால் ஒவ்வொரு எண்ணும் தெளிவாக. ஒரு மணி நேரம் முடிந்ததும் மைக்கை ஆர்லோவிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தேன். நீ அதைப் பார்த்திருக்க வேண்டும், உன் அப்பன் ஏலக் கொட்டகையில் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை. ஆர்லோவும் நன்றாகத்தான் விற்றான். அதைச் சொல்லத்தான் வேண்டும். முதலாளி அடுத்த வருடமும் இரண்டு பேர் என்கிறார். நாற்காலி இருக்கிறது, கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் மூன்று பேர் தனித்தனியாக வந்து டாக்டர் ஓல்சனின் போன் நம்பர் கேட்டார்கள். மூன்று பேருமே யாரோ ஒரு நண்பனுக்காகக் கேட்பதாகச் சொன்னார்கள். நானும் கேள்வி எதுவும் கேட்காமல் எழுதிக் கொடுத்தேன்.

இனி உன்னிடம் கேட்க வந்தது. வலது பல்லின் மீதிப் பாதிக்கு வசந்தகாலத்தில் இன்னொருமுறை சதை வைக்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. நான் புகையிலை பக்கம் போகாமல் இருந்தால் மட்டும். அதை என் மகள் செய்தால் உங்களுக்கு வருத்தமா என்று கேட்டேன். "நான் நீங்க எப்போ கேப்பீங்கன்னு பாத்துட்டிருந்தேன்" என்றார்.

மார்ச்சில் கொட்டகை வேலை குறைவு. லிங்கனுக்கு ஐந்து மணி நேரம்தான், நானே ஓட்டி வருவேன். நீ வாயைத் திற என்றால் திறக்கிறேன். பசையா தையலா என்பது உன் இஷ்டம். எனக்கு இந்தத் தடவை அபிப்பிராயம் எதுவும் இல்லை.

இருக்கிறது. ஆனால் சொல்லமாட்டேன்.

அப்பா